பழைய முகவரிக்குப் போன என் பெயர்

ஜூன் 9, 2025, திங்கள்

வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க இன்று நாள் வாங்கியிருந்தேன். காலையிலேயே கழுவி, டயருக்குக் கறுப்பு அடித்து, பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி முடித்தபோது கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி நின்றது என் குட்டியானை மினி லாரி. பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவே துணி ரோல் சுமந்தே அழுக்காகிப் போன வண்டி. இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

ஆர்.டி.ஓ. ஏஜென்ட் ராஜவேல் கம்ப்யூட்டரில் நம்பரைப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அருளு, உன்ற வண்டி லாக் ஆயிருக்குதப்பா. ஃபைன் வரிசையா நிக்குது. இதைத் தீர்க்காம எஃப்.சி. ஆகாது."

ஒரு ஃபைன் நோட்டீஸ்கூட எனக்கு வரவில்லையே என்றேன். ஆர்.சி.யில் என்ன அட்ரஸ் என்று கேட்டார். வீரபாண்டி. நாங்கள் அங்கிருந்து பல்லடம் ரோட்டுக்கு வந்து எவ்வளவோ காலமாயிற்று. போன் நம்பர்? அந்த சிம்மும் எப்போதோ செத்துப் போனது.

எல்லாத் தபாலும் அங்கே போயிருக்கிறது. ஒன்றுகூடவா என்னைத் தேடி வரவில்லை?

ஜூன் 10

தூக்கம் வரவில்லை என்பதால் ஃபைனோடு போட்டிருந்த போட்டோக்களை என் மனைவி மதுமதியின் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ரோட்டுக் கேமரா எடுத்தவை.

பயந்துகொண்டுதான் திறந்தேன். ஆனால் பார்க்கப் பார்க்க வேறு ஏதோ ஆகிவிட்டது. ஒன்றில் நல்ல மழை, வைப்பர் பாதியில் நிற்கிறது. இன்னொன்றில் நோ என்ட்ரி நேரத்தில் உள்ளே நுழைகிறேன், முகத்தில் அவசரம். ஒன்றில் சீட் பெல்ட் இல்லாமல் வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்! தனியாகப் போகும்போது நான் பாடுவேன் என்பது மதுமதிக்கே தெரியாது.

மேலே ஒரு கண் இருந்திருக்கிறது. நான் யாருமில்லை என்று நினைத்துப் போய்க்கொண்டிருந்த ரோட்டில் யாரோ என்னைப் பார்த்து, தேதி போட்டு, நேரம் போட்டு எடுத்து வைத்திருக்கிறார்கள். என் அம்மாகூட என்னை இத்தனை படம் எடுத்ததில்லை.

மதுமதி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இதுல ஒண்ணு நல்லா இருக்குதுங்க" என்றாள். சிரித்துவிட்டோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூன் 12, வியாழன்

டிராஃபிக் ஆபீஸ். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். ஆனால் சொன்னதெல்லாம் கல்லாக விழுந்தது.

முதல் ஃபைனைக் கட்டாததால் அடுத்ததெல்லாம் மறுபடி செய்த குற்றம் என்ற கணக்கில் ஏறிவிட்டது. ஏறியதையும் கட்டாததால் கோர்ட்டுக்குப் போய்விட்டது. கோர்ட் சம்மன் அனுப்பியிருக்கிறது.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க சார். தபாலே வரலீங்க."

"தெரியாதுன்னு சொல்ல முடியாதுங்களே. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. வீட்டுப் பொம்பளையாள்னு எழுதியிருக்குது."

எங்கள் வீட்டில் பொம்பளையாள் என்றால் மதுமதிதான். அவள் அன்றைக்கெல்லாம் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். யாரவள்? என் பேருக்கு வந்த தபாலில் கையெழுத்துப் போட யார் உரிமை கொடுத்தது? திருப்பி அனுப்பியிருந்தால் 'ஆள் இல்லை' என்றாவது ஆகியிருக்குமே. வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறாள்.

வாரண்ட்கூட வரலாம் என்றார் ஏட்டு. வாரண்ட்! எனக்கு!

ஜூன் 14

பழைய எஃப்.சி. காலாவதியாகிவிட்டதால் வண்டி எடுக்கவில்லை. சாயப்பட்டறை மேனேஜர் என் லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

வீரபாண்டிக்குப் போனேன். பஸ்ஸில். மனசுக்குள் ஒரு பெரிய சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டே.

லைன் வீட்டு வரிசையில் நாங்கள் இருந்த அந்தக் கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே பனியன் குவியல். அதன் நடுவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, தலையில் முக்காடு, கையில் சின்னக் கத்தரி. தொங்கும் நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுந்துவிட்டார்.

"அருள்செல்வன் தம்பிங்களா?"

எனக்குத் திக்கென்றது. எப்படித் தெரியும்?

"தபால்ல படம் வருமுங்களே. ஒவ்வொண்ணுலயும் பெல்ட்டு போடாம போறீங்க. பார்க்கறப்பல்லாம் திட்டுவனுங்க. உள்ள வாங்க, உள்ள வாங்க. எத்தனை நாளா உங்களைத் தேடறனுங்க தம்பி!"

பெயர் காத்தூன் பீவி. கணவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். வீட்டு ஓனரிடம் என் பழைய நம்பரை வாங்கிப் போன் போட்டிருக்கிறார். யாரோ வடக்கத்திப் பையன் எடுத்து இந்தியில் பேசினானாம். கம்பெனிக்குப் போகும் வழியில் ரோட்டோரம் நின்று குட்டியானை வண்டிகளின் நம்பரையெல்லாம் பார்ப்பாராம். வண்டி ஸ்டாண்டில் கேட்டாராம். ஒரு துணிப்பையில் என் தபால்கள், ஒன்றுகூடக் கசங்காமல்.

இதையெல்லாம் கேட்டும் என் கோபம் இறங்கவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஏட்டு சொன்ன வாரண்ட் என்ற வார்த்தை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாரைக் கேட்டுங்க கையெழுத்துப் போட்டீங்க? நீங்க போட்ட கையெழுத்துனாலதான் நான் மாட்டிட்டு நிக்கறேன்!"

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"திருப்பி அனுப்பினா எங்கயோ போயி உழுந்துருமேன்னு வாங்கினனுங்க தம்பி. சட்டம் தெரியாம பண்ணிட்டனுங்க."

பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். தண்ணீர் கொடுத்தார், குடிக்கவில்லை. பின்னாலேயே தெரு முனை வரைக்கும் வந்தார். "தம்பி, ஜூலை மூணாந்தேதி. மறந்துராதீங்க. இந்தத் தடவை நீங்களே போயிருங்க."

திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையை ஆட்டினேன்.

ஜூன் 17

பையில் இருந்த தாள்களை எல்லாம் பரப்பி வைத்துப் படித்தேன். சம்மனில் இருக்கும் தேதி ஏப்ரல் மாதத்தினது. ஜூலை மூன்று என்று எந்தத் தாளிலும் இல்லை.

அவருக்கு எப்படித் தெரிந்தது? 'இந்தத் தடவை நீங்களே' என்றால் என்ன அர்த்தம்?

"கோர்ட்டுக்கே போய்க் கேளுங்க" என்றாள் மதுமதி.

ஜூன் 18, புதன்

 இதை இன்றே எழுதி வைக்க வேண்டும்.

கோர்ட்டுக்குள் இன்றுதான் முதல் முறை நுழைந்தேன். நான் லோடு ஏற்றும் குடோனைவிட உயரமான கூரை. அத்தனை பேர் இருந்தும் உள்ளே ஒரு அமைதி. கறுப்புக் கோட்டுகள், கட்டுக் கட்டாகக் காகிதம், விலங்கு மாட்டிய ஒரு பையன், அவனைப் பார்த்துக்கொண்டே நிற்கும் அவன் அம்மா. வாசலில் டவாலி ஒருவர் ஒவ்வொரு பெயராக மூன்று முறை கூப்பிடுகிறார். அந்தக் குரலைக் கேட்டாலே நாம் செய்யாத தப்பும் ஞாபகம் வருகிறது.  லாரி கவிழ்ந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

இடைவேளையில் பெஞ்ச் கிளார்க்கிடம் சம்மனைக் காட்டினேன். கட்டைப் பிரித்தார். கறாரான ஆள் போல இருந்தவர், பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"நீங்கதானா அந்த அருள்செல்வன்? சரியாப் போச்சு. அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

"எந்தம்மாங்க?"

"உங்களுக்காக ரெண்டு வாய்தா வந்து நின்னாங்களே, அவங்க."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

ஏப்ரலில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முறை. இரண்டு முறை. ஆள் இல்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது, காலையிலிருந்து வெளி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த ஒரு முக்காடு போட்ட அம்மா கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்.

"அருள்செல்வன் யாரு?" என்று நீதிபதி அம்மா கேட்டிருக்கிறார்.

"நான் அவரில்லைங்க."

கோர்ட்டே சிரித்துவிட்டதாம்.

"அப்புறம் நீங்க யாரு?"

"அவரு முன்னால இருந்த ஊட்டுல இப்ப இருக்கறவங்க. தபாலெல்லாம் என்ற கைக்குத்தான் வந்துச்சுங்க. அவருக்குப் போய்ச் சேரலீங்க. வேணும்னு வராம இல்லீங்க. தேடிட்டு இருக்கறனுங்க."

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாத ஆளு வேணும்னு வராம இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

அதற்கு அவர், "படத்துல மூஞ்சியப் பார்த்தனுங்க. ஓடி ஒளியற ஆளு மாதிரி தெரியலீங்க" என்றாராம்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை என்றார் கிளார்க்.

நீதிபதி வாய்தா போட்டிருக்கிறார். அடுத்த தேதிக்கும் வந்திருக்கிறார். இன்னும் கிடைக்கலீங்க, இன்னும் தேடறனுங்க என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் ஜூலை மூன்று.

"நான் சர்வீஸ்ல சேர்ந்து தலை நரைச்சாச்சு. எதிரியைத் தெரியாத ஒருத்தர் எதிரிக்காக வந்து நின்னு பார்த்ததில்லைங்க" என்றார்.

காகிதத்தில் என் பெயருக்கு முன்னால் 'எதிரி' என்றுதான் போட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்களாம்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அவர் கொடுத்த தண்ணீரைக்கூட நான் குடிக்கவில்லை. ஐயோ. என்ன மனுசன்டா நீ.

ஜூன் 20, வெள்ளி

மதுமதியையும் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போக முகம் இல்லை.

அதே குவியல், அதே கத்தரி. எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் பயந்தார். மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.  மதுமதிதான் பேசினாள்.

"கோர்ட்டுல எல்லாம் சொன்னாங்க்கா. எங்களுக்காகப் போயி நின்னிருக்கறீங்க."

"அதைச் சொல்லிட்டாங்களா?" என்று கூச்சத்தோடு சிரித்தார். தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி.

"பயமா இல்லீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"பயமில்லாம என்னங்க தம்பி! போலீஸ் டேசன் வாசலைக்கூட மிதிச்சவ இல்லீங்க நானு. முத நாளு பஸ்ஸ விட்டு எறங்கிட்டுத் திரும்பிப் போயிரலாம்னு ரோட்டத் தாண்டிட்டனுங்க. அப்புறம் மறுக்கா இந்தப் பக்கம் வந்தனுங்க. உள்ளார போனதும் காலு ரெண்டும் என்றதாவே இல்லீங்க."

"பின்ன ஏனுங்க போனீங்க?"

கத்தரியைக் கீழே வைத்தார். இது ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார்.

"உங்க பேரக் கூப்புடுவாங்கல்ல தம்பி. கூப்புடறப்ப அங்க ஒருத்தருமே இல்லாமப் போச்சுன்னா?"

அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் அவரிடம் இல்லை. நானும் கிளறிக் கிளறிக் கேட்டேன். என்னை மாதிரி யாராவது தெரிந்தவரா, அவர் வீட்டில் இப்படி ஏதாவது நடந்ததா என்றெல்லாம். இல்லீங்க, இல்லீங்க என்றார். பிறகு மதுமதியைப் பார்த்து, "டீ வெக்கட்டுமா கண்ணு?" என்றார்.

குடித்தேன். இரண்டு டம்ளர்.

ஜூன் 21

நான் போயிருப்பேனா?

யாரோ ஒரு முன்பின் தெரியாதவனுக்கு, அன்றைய கூலியை விட்டுவிட்டு, கால் நடுங்க, அந்த வாசல்படி ஏறி?

மாட்டேன். தபாலை ஜன்னலில் சொருகி வைத்திருப்பேன். ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது குப்பையில் போட்டிருப்பேன். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

நேற்றிலிருந்து ரோட்டில் போகிறவர்களையெல்லாம் பார்க்கிறேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்கள், ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், ரோட்டோரம் கீரை விற்கிறவர்கள். இவர்களில் யார் யார் இப்படி? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்து எப்படிச் சொன்னார்?

ஜூலை 3, வியாழன்

அக்காவை வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். எங்களுக்கு முன்பே கோர்ட் வாசலில் நின்றிருந்தார்.

டவாலி கூப்பிட்டார். அருள்செல்வன். முதல் கூப்பாட்டிலேயே உள்ளே போனேன். என் பெயர் அந்தக் கூரையில் முட்டித் திரும்புவதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. இந்தக் கூப்பாட்டுக்குத்தான் அவர் கையைத் தூக்கினார்.

நீதிபதி அம்மா சின்ன வயசுதான். கண்ணாடி. மெதுவாகப் பேசுகிறார்.

"இந்தக் குற்றமெல்லாம் நீங்க செஞ்சதுதானா?"

ராஜவேல் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. வேறு டிரைவர் ஓட்டினான் என்று பாதியைத் தள்ளிவிடச் சொல்லியிருந்தார். வாய் வரைக்கும் வந்தது. பின்னால் அக்கா நிற்கிறார். ஓடி ஒளிகிற ஆள் இல்லை என்று இதே இடத்தில் நின்று சொன்னவர்.

"எல்லாமே நான்தானுங்க அம்மா."

"வீடு மாறினா ஆர்.சி.யில அட்ரஸ் மாத்தணும்னு தெரியாதா?"

"தெரியுமுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டனுங்க."

எதையோ எழுதினார். நோட்டீஸ் கைக்கு வராததால் ஏறிய ரேட்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் முதல் முறை என்றே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். குற்றம் குற்றம்தான், அதைக் கட்ட வேண்டும். அட்ரஸ் மாற்றிய தாளை இந்த மாதத்துக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும். வாரண்ட் என்ற பேச்சே வரவில்லை.

கும்பிட்டேன். கிளம்பத் திரும்பியபோது, "இருங்க" என்றார். கண்ணாடிக்கு மேலாகப் பின்வரிசையைப் பார்த்தார்.

"அந்தம்மா வந்திருக்காங்களா?"

அக்கா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். தயங்கிக் கையைத் தூக்கினார்.

"ரெண்டு தடவையும் காலையிலிருந்து நின்னுட்டே இருந்தீங்க. இன்னைக்கு உக்காருங்கம்மா."

டவாலி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். வக்கீல்களே நின்றுகொண்டிருக்கிற இடம் அது. அக்கா என்னைப் பார்த்தார், மதுமதியைப் பார்த்தார், பிறகு நுனியில் உட்கார்ந்தார்.  கிளார்க் தலையைக் குனிந்து எழுதுகிற மாதிரி இருந்தார். எழுதவில்லை, நான் பார்த்தேன்.

எனக்குக் கோயிலில் கண்ணீர் வந்ததில்லை. இன்றைக்கு வந்தது.

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. "இன்னும் பயமாங்க்கா?" என்றேன்.

"அது எங்கீங்க போகுது" என்றார்.

ஜூலை 4

பணத்தைக் கட்டியாயிற்று. அக்காவின் அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுக்கப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்

எஃப்.சி. ஆயிற்று. அட்ரஸ் மாற்றவும் எழுதிக் கொடுத்தாயிற்று. சாயப்பட்டறை மேனேஜர் பாதி லோடுதான் திருப்பித் தந்திருக்கிறார், மீதி அந்தப் புது வண்டிக்காரனுக்கே. போகட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காத்தூன் அக்கா சாப்பிட வந்திருந்தார். சாயங்காலம் வரை இருந்தார். மதுமதிக்கு நூலில் விழுந்த முடிச்சைத் தடம் தெரியாமல் எடுப்பது எப்படி என்று காட்டினார். நான் பாடுவதைப் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து கேலி செய்தார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

அக்கா இன்று வீடு மாறினார். லைன் வீட்டையெல்லாம் இடித்துவிட்டு ஓனர் அங்கே தறிக் குடோன் கட்டப் போகிறாராம். ஒரு வாரம்தான் நேரம் கொடுத்திருந்தார். மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தோம்.

நானும் மதுமதியும் வண்டியை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனோம். ஒரு கட்டில், ஒரு பீரோ, பாத்திரம், இரண்டு மூட்டை பனியன். ஏற்றுவதற்கு நேரமே ஆகவில்லை. ஏற்கெனவே நாலு வீடு காலி. கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவை முன்னால் உட்கார வைத்து வண்டியை எடுத்தேன். தெரு முனை தாண்டுவதற்குள், "நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க" என்றார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இறங்கி ராமரின் மளிகைக் கடைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஏனுங்க ராமரு, இனி அந்தக் கடேசி ஊட்டு நம்பருக்கு யாரு பேருக்குத் தபால் வந்தாலும் வாங்கி வெச்சு எனக்கொரு போன் போடுங்க. போஸ்ட்மேன் கிட்டயும் சொல்லிட்டனுங்க."

ராமர் சிரித்தார். "ஊடே இல்லாமப் போகுது. இனி யாருக்கக்கா தபால் வரும்?"

"எனக்கு முன்னால இவரு. இவருக்கு முன்னால யாரோ. அவங்களுக்கு முன்னால யாரோ. எல்லாரும் அட்ரஸ் மாத்தியிருப்பாங்களா? ஊடு இல்லீன்னா பேரு எங்கீங்க போயி நிக்கும்?"

ராமர் காதில் இருந்த பேனாவை எடுத்தார். கல்லாப்பெட்டிக்கு மேலே, சுண்ணாம்புச் சுவரில், அக்கா சொல்லச் சொல்ல அவருடைய போன் நம்பரை எழுதினார். பக்கத்தில் 'கடைசி வீட்டுத் தபால்' என்று போட்டார்.

அக்கா திரும்பி வண்டிக்கு நடந்துவிட்டார். நான் நின்றேன்.

"அதுக்குக் கீழயே என்ற நம்பரையும் எழுதிருங்க" என்றேன்.